மழைக்கு முன் மண் பூசும் ஊர்

ரமளான் நெருங்கும்போது வீட்டின் வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுவது நம் குடும்பங்களில் பழகிப்போன செயல். ஓர் ஆண்டு தவறினால் சுவர் சற்று மங்கும், அவ்வளவே. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள ஜென்னே நகரத்து முஸ்லிம்களுக்கு வெளிப்பூச்சு என்பது அழகுக்கான செலவன்று. பூச்சைத் தொடர்ந்து புறக்கணித்தால் வீடே கரைந்துவிடும்.

பானி ஆற்றின் வெள்ளம் சூழும் மேட்டில் அமைந்த அவ்வூரில் கட்டுமானக் கல் கிடைப்பதில்லை. வீடும் பள்ளிவாசலும் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கலால் எழுந்தவை. 1930களுக்கு முன்னர் கையால் உருட்டிய உருளை வடிவக் கற்களையே அடுக்கினர். அச்சில் வார்த்த செவ்வகக் கற்கள் பிறகு வந்தவை. எவ்வகையாயினும் மழைநீர் நேரே பட்டால் கல் நிலைக்காது. ஆகவே அதன்மேல் பூசப்படும் மண், மழையின் அடியைத் தான் வாங்கித் தான் கரைந்து, உள்ளிருக்கும் கல்லைக் காக்கிறது. கரைந்துபோவதே அதன் வேலை என்பதால் அதை மீண்டும் மீண்டும் பூசியாக வேண்டும்.

இப்பணியைச் செய்வோர் 'பரே' எனப்படும் கொத்தனார்கள். களிமண்ணில் நெல் உமியைக் கலந்து, நீரூற்றி, வாரக்கணக்கில் புளிக்க விடுவர். உமி மட்கிய பின் சேறு பசைபோல் இறுகும். உலரும்போது வெடிப்பதும் குறையும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிவழியாக ஒரு கொத்தனார் உண்டு. பாட்டனார் வீட்டைக் கட்டியவரின் வாரிசே பேரன் வீட்டுக்கும் மண் பூசுவார். அவரை விட்டு வேறொருவரை அழைப்பது முறையாகக் கருதப்படுவதில்லை. கூலியையும் ஒழுங்கையும் கவனிக்க அவர்களுக்கென ஒரு சங்கமும் இருக்கிறது. வேலை தொடங்குமுன் அவர்கள் குர்ஆன் வசனங்களை ஓதுவதுண்டு. அவற்றோடு பழைய மந்திரங்களைக் கலப்போரும் உள்ளனர். அதை நாம் ஏற்பதற்கில்லை. தொழிலின் நேர்த்தி வேறு, அது வேறு.

பூச்சை நிறுத்தினால் என்னவாகும் என்பதற்கு அவ்வூரின் பெரிய பள்ளிவாசலே சான்று. 13ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய கொய் கொன்போரோ என்னும் மன்னர் எழுப்பியதாகக் கூறப்படும் அப்பள்ளி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரைக் கைப்பற்றிய ஷைகு அஹ்மதுவுக்கு மிகை ஆடம்பரமாகத் தோன்றிற்று. அவர் அதை இடிக்கவில்லை. நீர்த்தாரைகளை அடைக்கச் செய்து மழையிடம் விட்டுவிட்டார் என்பர். 1828இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயே, கைவிடப்பட்ட அக்கட்டடத்தில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருந்ததைப் பதிவு செய்தார். இன்று நாம் படங்களில் காணும் பள்ளி, கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா த்ராவோரேயின் பொறுப்பில் 1907இல் கட்டி முடிக்கப்பட்டது.

அதற்கு ஆண்டுதோறும் ஊர் கூடி மண் பூசுகிறது. பெண்கள் தண்ணீர் சுமக்க, இளைஞர்கள் சேற்றுக் கூடையுடன் ஓட, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளில் கொத்தனார்கள் ஏறி நின்று பூசுவர். அக்கட்டைகள் அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல. அவர்களின் நிலையான சாரம் அவை. 2009 நவம்பரில் பெய்த கனமழையில், இத்தனை கவனத்துக்குப் பிறகும், ஒரு கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது.

பள்ளிக்கு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு யார் இருக்கிறார்? உமிக்கும் கூலிக்கும் ஆகும் செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள், ஒருமுறை செலவழித்தால் போதும் என எண்ணிச் சுட்ட ஓடுகளைச் சிமெண்டால் சுவரில் பதிக்கத் தொடங்கினர். ஓட்டின் பின்னே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மண்சுவரை நலிவிக்கிறது. கேடு வெளியே தெரிவதுமில்லை. பழைய நகரத்தை யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததால், ஓடு பதிப்பதை மரபுரிமை அதிகாரிகள் எதிர்க்கின்றனர். அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு கொத்தனாருக்குக் கூலி தர வழியில்லாத ஏழையிடம் ஓட்டைப் பிடுங்கு என்று மட்டும் சொல்வது நீதியாகாது. நெதர்லாந்தின் உதவியுடன் 1996 முதல் ஏறத்தாழ 100 வீடுகள் செப்பனிடப்பட்டன. அப்போது கொத்தனார்களுக்கு வேலையும், அவர்களிடம் தொழில் பயிலும் சிறுவர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தன. மாலியில் மூண்ட போருக்குப் பின் பயணிகள் வருகை குறைந்து ஊரின் வருமானம் சுருங்கியது. 2016இல் ஜென்னே, அழியும் அபாயத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.