கண் மஞ்சளாகாத செங்கண்மாரி

மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், கல்முனை எனத் தொடரும் நமது பிரதேசத்தில் செங்கண்மாரியை அறியாதவர் எவருமிலர். கண்ணும் நகமும் மஞ்சளாகும்; சிறுநீர் தேயிலைச் சாயம் போலிருக்கும்; சோற்றைக் கண்டாலே குமட்டும். அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு, கீழ்க்காய்நெல்லி தேடி வயல் வரம்புக்கு ஆளனுப்புவது வீட்டுப் பெரியவர்களின் முதற்காரியமாக இருந்தது. சில வாரங்களில் மஞ்சள் மறையும். நோயும் மறைந்ததென்று கொள்வோம்.

இந்த அனுபவம் பொய்யல்ல. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ என்ற ஈரல் அழற்சி பெரும்பாலானோருக்குத் தானாகவே குணமாகிவிடும். ஆனால் இந்த அனுபவத்திலிருந்து நாம் நம்மையறியாமலே ஒரு விதியை வகுத்துக்கொண்டோம். மஞ்சள் இருந்தால் ஈரலில் நோய். மஞ்சள் இல்லாவிட்டால் ஈரல் சுகம் என்பதே அந்த விதி. ஹெபடைட்டிஸ் சி என்ற நோயின் வரலாறு, இந்த விதி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும் வரலாறாகும்.

இரத்தத்தின் வழியே பரவும் இவ்வைரஸ் உடலில் புகுந்தவர்களுள் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. சுமார் 30 வீதமானோர் ஆறு மாதங்களுக்குள் எந்தச் சிகிச்சையுமின்றி வைரஸிலிருந்து விடுபடுகின்றனர். எஞ்சிய 70 வீதமானோரில் அது நாட்பட்ட நோயாக நிலைகொள்கிறது. அவர்களுள் 15 முதல் 30 வீதமானோருக்கு இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நிலை ஏற்படலாம். சிலருக்கு அது ஈரல் புற்றுநோயில் முடிகிறது. மஞ்சள் அப்போதுதான் கண்ணில் தெரியும். அது நோயின் தொடக்கத்தைச் சொல்வதில்லை. முடிவு நெருங்குவதையே சொல்கிறது.

பெயரில்லாத நோய்

இந்நோய்க்குப் பெயர் வைக்கவே உலகம் பல ஆண்டுகள் தடுமாறியது. அமெரிக்க விஞ்ஞானி பாருக் புளம்பேர்க் 1960களில், அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட புரதமொன்றின் வழியாக ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடையாளங்காண வழி திறந்தார். அதற்காக 1976 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1973 இல் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸும் கண்டறியப்பட்டது. இனி இரத்தம் ஏற்றுவதால் ஈரல் நோய் வராது என்று பலர் நினைத்தனர்.

ஆனால் நோய் தொடர்ந்தது. புளம்பேர்க்குடன் முன்னர் பணியாற்றிய வைத்தியர் ஹார்வி ஆல்ட்டரும் அவரது சகாக்களும், இரத்தம் ஏற்றிக்கொண்டபின் நோயுற்றவர்களின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தனர். பலரிடம் ஏயும் இல்லை, பியும் இல்லை என்று 1975 இல் அறிவித்தனர். நோய்க்கு வேறு பெயர் கிடைக்காமையால் 'ஏயுமல்லாத பியுமல்லாத ஹெபடைட்டிஸ்' என்றே அழைத்தனர். பணத்துக்கு விற்கப்படும் இரத்தத்தில் ஆபத்து அதிகம் என்பதும் அவர்களுடைய ஆய்வுகளில் தெளிவாயிற்று.

வைரஸைக் கையில் பிடிக்க மேலும் 14 ஆண்டுகள் சென்றன. கலிபோர்னியாவின் கைரோன் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஹௌட்டன், குயி-லிம் சூ, ஜோர்ஜ் குவோ ஆகியோர் அமெரிக்க அரச ஆய்வாளர் டானியல் பிராட்லியுடன் இணைந்து, எண்ணற்ற மரபணுத் துணுக்குகளைச் சலித்து, வைரஸின் ஒரு துண்டைக் கண்டெடுத்தனர். 1989 இல் அவர்களது முடிவு வெளியானது. மறு ஆண்டே இரத்த வங்கிகளில் பரிசோதனை தொடங்கியது. இந்த வைரஸ் மட்டுமே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதை 1997 இல் சார்ள்ஸ் ரைஸ் நிறுவினார். ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவரும் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர். தன் சகாக்களான சூவும் குவோவும் சேர்க்கப்படவில்லை என்பதற்காக, 2013 இல் கனடாவின் பெருமைக்குரிய கெயார்ட்னர் விருதை ஹௌட்டன் மறுத்தவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

சென்னையில் ஓர் ஆய்வு

வைரஸ் கண்டறியப்பட்டதற்கு முந்திய ஆண்டில், தமிழருக்கு நன்கு பழக்கமான மூலிகையொன்று உலக மருத்துவச் சஞ்சிகையில் இடம்பிடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும், புளம்பேர்க்கையும் இணைத்துக்கொண்டு, ஹெபடைட்டிஸ் பி வைரஸை நெடுநாள் தாங்கியிருந்தோருக்குக் கீழ்க்காய்நெல்லியைக் கொடுத்து ஆராய்ந்தனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்ததென 1988 இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினர். நமது பாட்டிமாரின் அறிவுக்கு அறிவியல் முத்திரை கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தனர்.

ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மூலிகையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றது ஒரு நல்ல மரபின் தொடக்கம். அதன் முடிவு உறுதிப்படவில்லை என்பதை ஏற்பதும் அதே மரபின் பகுதியாகும். அந்த ஆய்வு பி வைரஸைப் பற்றியது. சி வைரஸைப் பற்றியதன்று. சி வைரஸைக் கீழ்க்காய்நெல்லி அழித்துவிடும் என்பதற்கு இன்றுவரை சான்றில்லை. மஞ்சள் மறைந்ததைக் குணம் என்று கொள்ளும் நமது பழக்கம், மஞ்சளே தோன்றாத இந்நோயில் எதைக்கொண்டு குணத்தை அளக்கும்?

நைல் நதிக்கரையின் துயரம்

ஹெபடைட்டிஸ் சி உலகில் எங்கு மிகக் கொடுமையாகப் பரவியது என்று கேட்டால் எகிப்து என்பதே விடை. அல்-அஸ்ஹரின் வழியாக நமது உலமாக்கள் நன்கறிந்த நாடு அது.

அங்கு நைல் நதியின் வாய்க்கால்களில் வாழும் நத்தைகளிலிருந்து வெளிப்படும் நுண்புழு, நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உட்புகும். 1851 இல் கெய்ரோவில் இப்புழுவைக் கண்டறிந்த ஜேர்மன் வைத்தியர் பில்ஹார்ஸின் பெயரால் இந்நோய் பில்ஹார்சியா எனப்படுகிறது. கல்லோயாத் திட்ட நீரில் வேளாண்மை செய்யும் நமக்கு, வாய்க்காலில் கால் வைக்காமல் விவசாயம் இல்லை என்பது தெரியும். எகிப்திய விவசாயிகளின் நிலையும் அதுவே. அரபுலகமே கொண்டாடிய பாடகர் அப்துல் ஹலீம் ஹாபிஸ் சிறுவயதில் பிடித்த இந்நோயால் நெடுங்காலம் வருந்தி 1977 இல் இலண்டனில் காலமானார்.

பில்ஹார்சியாவை ஒழிக்க எகிப்திய அரசு பெருமுயற்சி எடுத்தது. 1950கள் முதல் 1980கள் வரை கிராமம் கிராமமாக அந்திமனி கலந்த மருந்தை நாளத்தில் ஊசி மூலம் ஏற்றினர். ஒருவருக்கு ஓர் ஊசி போதாது. பல வாரங்களுக்குத் தொடர்ந்து போடவேண்டும். கண்ணாடி ஊசிகள் ஒருவரிலிருந்து அடுத்தவருக்குச் சென்றன. வரிசை நீளமாக இருந்தது. ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்க நேரமும் வசதியும் போதவில்லை. புழுவைக் கொல்லப் போன ஊசி, அன்று பெயர்கூட இல்லாத வைரஸை ஓர் உடலிலிருந்து மறு உடலுக்குக் கொண்டுசென்றது. இத்தொடர்பை 2000 ஆம் ஆண்டில் லான்செட்டில் வெளியான ஆய்வொன்று விளக்கியது. 2008 இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணிப்பில், 15 முதல் 59 வயதினருள் 14.7 வீதமானோரின் இரத்தத்தில் இவ்வைரஸுக்கெதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது.

அங்கு எவரும் தீங்கு செய்ய எண்ணவில்லை. நல்ல நோக்கத்துடன் நடந்த பொதுச் சுகாதாரப் பணி அது. நோக்கம் எவ்வளவு தூயதாயினும் ஊசி சுத்தமாக இருக்கவேண்டும் என்பதே எகிப்து தந்த பாடம்.

மருந்தும் விலையும்

நீண்டகாலம் இந்நோய்க்கு இன்டர்பெரோன் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் சேர்ந்ததே சிகிச்சை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நீளும் அச்சிகிச்சையின் பக்கவிளைவுகள் கடுமையானவை. குணமடைந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. 2013 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த சொபோஸ்புவிர் மாத்திரை நிலைமையை மாற்றியது. இன்று இவ்வகை மருந்துகளால், பெரும்பாலும் 12 வாரங்களில், 95 வீதத்துக்கும் அதிகமானோர் முற்றாகக் குணமடைகின்றனர்.

ஆனால் கிலியட் நிறுவனம் அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த விலை 84,000 டொலர். ஒரு மாத்திரை 1,000 டொலர்! விமர்சனங்கள் எழுந்தன. 2014 இல் எகிப்து பேரம் பேசி, ஒரு மாத மருந்தை 300 டொலருக்குப் பெற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் இந்தியாவின் ஏழு மருந்து நிறுவனங்களுக்கு உற்பத்தி அனுமதி வழங்கப்பட்டது. விலை மேலும் சரிந்தது.

எகிப்து அதன்பின் செய்தது, துயரத்தைப் போலவே பெரிய செயல். 2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தது. நோய் உறுதியானோருக்கு இலவசச் சிகிச்சை அளித்தது. நோயாளிகளுள் 87 வீதமானோரைக் கண்டறிந்து, அவர்களுள் 93 வீதமானோருக்குச் சிகிச்சை வழங்கியமைக்காக, ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் 'தங்கத் தர' நிலையை எட்டிய முதல் நாடென 2023 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது. இந்தியாவின் பஞ்சாப் மாநிலம் 2016 இல் மாவட்ட வைத்தியசாலைகளிலேயே இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. புளம்பேர்க்கின் பிறந்தநாளான ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் தினமாகும். 2018 இல் அதே நாளில் இந்திய அரசும் தேசியத் திட்டமொன்றை ஆரம்பித்தது. ஆயினும் 2022 இல் உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். 2 இலட்சத்து 42 ஆயிரம் பேர் மரணித்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

நமது ஊர்களில்

இலங்கை இந்நோய் குறைவாகக் காணப்படும் நாடுகளுள் ஒன்று. நமது பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தானமாகப் பெறப்படும் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட பின்னரே நோயாளிக்குச் செல்கிறது. இது ஆறுதலான விடயம். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. பரிசோதனை வருவதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டோர், தலசீமியா நோயாளர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர், போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொண்டோர் ஆகியோர் ஒருமுறையேனும் பரிசோதிக்கவேண்டும். ஒஸ்தா மாமாவின் கத்தி, சலூன் பிளேட், ஹிஜாமா செய்யும் பிளேட், காது குத்தும் ஊசி எதுவாயினும் ஒருவருக்குப் பட்டது சுத்திகரிக்கப்படாமல் அடுத்தவருக்குப் படக்கூடாது. ஊசி போட்டால்தான் வருத்தம் மாறும் என்ற பிடிவாதத்தையும் நாம் கைவிடவேண்டும்.

மதுவைத் தொடாத ஒருவருக்குச் சிரோசிஸ் என்றதும், "கள்ளமாகக் குடித்திருப்பான்" என்று பேசும் வாய்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பேச்சுக்கு அஞ்சியே நோயை மறைத்தவர்கள் எத்தனை பேரோ! 'சில காலம் சுகவீனமுற்றிருந்து வபாத்தானார்' என்ற வரியை எழுதிப் பழகிய பத்திரிகைக்காரனுக்கு, அந்த வரிக்குள் எவ்வளவு மறைந்திருக்கக்கூடும் என்பது தெரியும்.

மஞ்சள் காட்டாத இந்நோயை நமது ஊர் இளைஞர்களின் இரத்தத்தில் தேடிப் பார்க்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. வளைகுடா நாடுகளில் தொழில் பெறுவதற்கான வைத்தியப் பரிசோதனையே அது. அங்கு ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் பார்க்கப்படுகின்றன. 'தகுதியில்லை' என்று வந்தால், போன வீசாவையும் முகவருக்குக் கொடுத்த பணத்தையும் எண்ணி வீடே கலங்கும். ஈரலை எண்ணுவோர் குறைவு. அந்த அறிக்கை கிழித்தெறியப்படும். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்த எச்சரிக்கை குப்பைக்குப் போகும்.

அப்படியான அறிக்கை கையில் கிடைத்தவர் செய்யவேண்டியது இதுதான். பிறபொருளெதிரி இருப்பது மட்டுமே நோய் இருப்பதற்குச் சான்றாகாது. வைரஸ் இப்போதும் உண்டா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனையே சொல்லும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைக்கு அறிக்கையுடன் சென்று வைத்திய நிபுணரைக் காணவேண்டும். வைரஸ் இருப்பின் ஈரலின் நிலையை அளந்து, ஹெபடைட்டிஸ் பியும் உண்டா என்று பார்த்து, சிகிச்சை தொடங்குவர். மது கூடவே கூடாது. பனடோல் உட்பட எந்த மருந்தையும், மூலிகையையும் வைத்தியரிடம் கேட்டே உட்கொள்ளவேண்டும். சிரோசிஸ் வந்தவர் குணமடைந்த பின்னரும் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் செய்வது அவசியம். குணமடைந்தவரின் இரத்தத்திலும் பிறபொருளெதிரி நிலைத்திருக்கும் என்பதால், வைரஸ் இல்லை என்ற அறிக்கையைப் பத்திரப்படுத்தவேண்டும். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணமான பின்னும் மீண்டும் தொற்றக்கூடும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஒரே சஹனில் உண்பதாலோ, முஸாபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ இந்நோய் பரவாது. ஆகவே கோப்பையையும் பாயையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. ரேஸரையும் பல் தூரிகையையும் பிரித்து வைத்தால் போதும்.