சொல்பவரும் கேட்பவரும்: புதிய செவிலியருக்கான குழுப் பாவனைப் பயிற்சி

புதிதாகத் தகுதிபெற்ற செவிலியருக்கான பாவனைப் பயிற்சி (சிமுலேஷன்) பல இடங்களில் கைத்திறனோடு நின்றுவிடுகிறது. புதிய செவிலியர் தம்மைப் போன்றவர்களோடு சேர்ந்து பொம்மைக்கு ஊசி போடுகிறார், நெஞ்சழுத்தம் கொடுக்கிறார். வார்டில் ஒரு நோயாளியின் நிலை சரியும்போதோ, கண்டதை மூத்தவரிடம் காலத்தில் சொல்லும் திறனும் அவருக்கு வேண்டும். அந்தச் சொல் பயன்படுவது கேட்பவரைப் பொறுத்தது. ஆகவே, மருத்துவர்களும் மூத்த செவிலியரும் உடன் பயிலாத பயிற்சி பாதிப் பயிற்சியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இங்கிலாந்தில் 2005இல் எலெய்ன் புரோமிலி என்ற நோயாளிக்குச் சைனஸ் அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது, அவருக்குச் சுவாசம் தர இயலாமற்போனது. அனுபவமிக்க மருத்துவர்கள் மூவர் வாய்வழியே குழாய் செலுத்தவே மீண்டும் மீண்டும் முயன்றனர். கழுத்தில் துளையிடுவதற்கான டிரக்கியாஸ்டமி கருவிகளை ஒரு செவிலியர் கொண்டுவந்து, தயார் என்று அறிவித்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டார். மருத்துவர்களின் முகக்குறிப்பைக் கண்டு, மிகைப்படுத்திவிட்டோமோ என்று தயங்கி அதை ரத்துசெய்தார். எலெய்ன் நினைவு திரும்பாமலே இறந்தார். அந்த அறையில் அறிவும் கருவியும் இருந்தன. சொல்லை வாங்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் குழுவில் இல்லை. அந்தச் செவிலியர் இருவருக்குமே இந்நிலை என்றால், பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒருவரிடம் துணிச்சலை மட்டும் எதிர்பார்ப்பது முறையாகாது.

செவிலியர் திறன் வளர்வதை ஐந்து படிநிலைகளாக 1984இல் விளக்கினார் செவிலியல் அறிஞர் பட்ரிசியா பென்னர். புதிதாகத் தகுதிபெற்றவர் பெரும்பாலும் இரண்டாம் படியில் நிற்கிறார்: அறிகுறிகள் கண்ணில் படுகின்றன, எது அவசரம் என்று தரம்பிரிப்பது இன்னும் கைவரவில்லை. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நால்வரிசையில் தகவல் சொல்லும் முறை அவருக்கு ஊன்றுகோலாகும். ஆனால் எதிரிலிருப்பவரும் அதே வரிசையை எதிர்பார்த்துக் கேட்டால்தான் அது வேலைசெய்யும்.

கூடிப் பயில்வதன் பயனுக்கு பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனை ஒரு சான்று. அங்கே பிரசவ அவசரநிலைகளைக் கையாளும் பயிற்சியில் மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் ஒன்றாகப் பங்கேற்றனர். 2006இல் வெளியான ஆய்வின்படி, ஐந்தாம் நிமிட ஆப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் உடல்நிலையைக் காட்டும் மதிப்பெண்) குறைந்த குழந்தைகள் 10,000 பிறப்புகளுக்கு 86.6இலிருந்து 44.6ஆகக் குறைந்தனர். இது முன்-பின் ஒப்பீடே; பயிற்சி மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆயினும், பயின்றவரின் தன்னம்பிக்கையை அளக்கும் வினாத்தாள்களைவிட இது வலுவான சான்று.

பணிமுறையிலிருந்து பலரை ஒருசேர விடுவிப்பது கடினம் என்பது நியாயமான மறுப்பு. விலையுயர்ந்த ஆய்வகம் இதற்குத் தேவையில்லை. வார்டிலேயே நடத்தும் சுருக்கமான பயிற்சி அச்சுமையைப் பெருமளவு குறைக்கும். மூத்தவர் முன் தவறுசெய்ய அஞ்சிப் புதியவர் ஒடுங்கிவிடுவார் என்பது அடுத்த மறுப்பு. அந்த அச்சம் நாளை நோயாளியின் படுக்கையருகே தலைதூக்கத்தான் போகிறது. பொம்மையின் முன் அதைச் சந்தித்து, பின்னர் கலந்துபேசிக் களைவதே பாதுகாப்பு. புதியவர் மட்டுமே அறிந்த தகவலால் நோயாளி பிழைக்கும்படி பயிற்சிச் சூழலை அமைக்க வேண்டும். அவர் பேசினாரா என்பதோடு, மூத்தவர் அதைக் கேட்டுச் செயல்பட எத்தனை வினாடி எடுத்துக்கொண்டார் என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.