பேர் கூப்பிட்டும் வராத நிரல்

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். கிராணி பேர் வாசிப்பார், வந்தவர்கள் பால் வெட்டப் போவார்கள். விண்டோஸ் கணினிக்குள் நுழைந்ததும் நடப்பதும் ஒரு பெரட்டுதான். பட்டியலில் எழுதிய நிரல்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி எங்கெங்கு சுற்றி வந்தது என்பதுதான் இந்தக் கதை. தமிழ் தட்டச்சு நிரலின் வரி என்று வைத்துக்கொள்வோம். 1985இல் முரசையும் 1993இல் முரசு அஞ்சலையும் தந்த முத்து நெடுமாறன் மலேசியாவான நம் நாட்டுக்காரர் என்பதால், அந்த வகை நிரல் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போ புந்தோங்கிலும் புதிதல்ல.

டாஸ் காலத்தில் அந்த வரியின் வீடு ஆட்டோஎக்சிக் பேட் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம், பிழை இருந்தால் கண்ணில் படும். விண்டோஸ் வந்ததும் வின் ஐஎன்ஐ கோப்பில் 'ரன்', 'லோட்' என்ற இரு இடங்கள் கிடைத்தன. 1995இல் விண்டோஸ் 95 அதை ரெஜிஸ்ட்ரியின் ஆழத்தில் கொண்டுபோய் வைத்தது. சிக்கல் தொடங்கியது அங்கேதான் என்பேன். பட்டியல் இரண்டாகப் பிரிந்தது: கணினிக்குப் பொதுவாக ஒன்று, ஆளுக்கொன்று. அப்பாவின் கணக்கில் நிறுவினால் மகளின் கணக்கில் தமிழ் வராமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

அடுத்த காரணம் இன்னும் வேடிக்கையானது. ஐகானை இருமுறை தட்டினால் நிரல் ஒழுங்காக ஓடும்; கணினி தானே கிளப்பினால் உடனே விழுந்துவிடும். கிளப்பும்போது நிரல் நிற்கும் இடம் அதன் சொந்தக் கோப்புறையாக இருக்க வேண்டியதில்லை, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையாகவும் இருக்கலாம். விசைப்பலகைக் கோப்பை வெறும் பேர் சொல்லித் தேடும் நிரலுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. முழுப் பாதையும் எழுத வேண்டும். பாதையில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று இடைவெளி வந்தால் இரட்டை மேற்கோளும் போட வேண்டும். இல்லையேல் பேர் எங்கே முடிகிறது என்று விண்டோஸ் ஊகிக்கத் தொடங்கிவிடும்.

விண்டோஸ் விஸ்டா வந்தபோது நிர்வாகி உரிமை கேட்கும் நிரல்கள் இந்தப் பட்டியலிலிருந்து கிளம்ப முடியாமல் தடுக்கப்பட்டன. நியாயமான தடைதான், வைரஸ்களுக்கும் இந்தப் பட்டியல்மேல் தீராத ஆசை. நிரலாளர் செய்யவேண்டியது அந்த உரிமையைக் கேட்காமலே வேலையை முடிப்பது. முடியாதென்றால் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைக்கலாம்.

விண்டோஸ் 8இல் டாஸ்க் மேனேஜருக்கே ஸ்டார்ட்டப் பக்கம் வந்தது. அதில் ஒரு நிரலை முடக்கினால் ரெஜிஸ்ட்ரிப் பட்டியலின் வரி அழிவதில்லை. 'ஸ்டார்ட்டப் அப்ரூவ்ட்' என்ற இன்னோர் இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் மாறுகிறது: முதல் பைட் 02 என்றால் அனுமதி, 03 என்றால் முடக்கம். வரியை மட்டும் பார்ப்பவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத் தன் நிரலின் மூலநிரலில் மணிக்கணக்காகப் பிழை தேடுவார். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ஆட்டோரன்ஸ் என்ற கருவி இப்படிச் சிதறிக் கிடக்கும் இடங்களையெல்லாம் ஒரே திரையில் காட்டும். முதலில் அதைத் திறங்கள். பிறகு நிரலின் முதல் வேலையாக, தான் நிற்கும் கோப்புறையையும் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். கோப்பே உருவாகவில்லையா? பட்டியலைப் பாருங்கள். உருவாகியும் தமிழ் வரவில்லையா? அப்போது நிரலைப் பாருங்கள்.