தென்கொரியாவின் நெருக்கடிகளும் மக்கள் எழுச்சிகளும்

கொரியக் குடியரசு எனப்படும் தென்கொரியா 1948 ஆகஸ்ட் 15 அன்று நிறுவப்பட்டது. அதன் இன்றைய தேர்தல் முறை, தொழிலாளர் உரிமை, சமூகப் பாதுகாப்பு ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நெருக்கடியும் ஒரு மக்கள் எழுச்சியும் உண்டு. இந்நிகழ்வுகளை 4·19, 5·18, 4·16 என மாதமும் நாளுமாகவே கொரியர்கள் குறிப்பிடுவது வழக்கம். இந்தப் போராட்டங்கள் பலவற்றிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஏட்டில் ஏற்கெனவே இருந்த சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லியே மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

1960 மார்ச் 15 தேர்தலில் அதிபர் சிங்மன் ரீயின் கட்சி செய்த முறைகேட்டை எதிர்த்து, துறைமுக நகரான மாசானில் கிளர்ச்சி மூண்டது. அன்று காணாமல் போன மாணவன் கிம் ஜு யுலின் உடல், கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்த நிலையில் ஏப்ரல் 11 அன்று கடலில் மிதந்தது. ஏப்ரல் 19 அன்று சியோலில் ஊர்வலம் சென்ற மாணவர்களைக் காவலர்கள் சுட்டனர். ஒரே வாரத்தில் ரீ பதவி விலகினார். அடுத்து வந்த மக்களாட்சிக்கு ஆயுள் ஓராண்டுதான். 1961 மே 16 அன்று ஜெனரல் பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார்.

பார்க் காலத்தின் ஏற்றுமதி வளர்ச்சி உலகம் அறிந்தது. அக்காலத்தில் ஆடை தைத்த இளம்பெண்களின் நிலையை நாடு அறிய ஒரு சாவு வேண்டியிருந்தது. சியோலின் பியோங்ஹ்வா சந்தையில் துணி வெட்டும் வேலை பார்த்த ஜியோன் டே இல்லுக்கு வயது 22. 1953லேயே இயற்றப்பட்ட தொழிலாளர் தரச் சட்டத்தை அமல்படுத்துமாறு அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துப் பார்த்துப் பலனில்லாமல், 1970 நவம்பர் 13 அன்று அவர் தீக்குளித்தார். அவருடைய தாய் உள்ளிட்டோர் உடனே தொடங்கிய சங்கம் பின்வந்த தொழிலாளர் இயக்கத்துக்கு வித்தானது.

குவாங்ஜு, 1980

1979 அக்டோபரில் பார்க் தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் ராணுவத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்த ஜெனரல் சுன் டூ ஹுவான், 1980 மே 17 இரவு ராணுவச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிவாக்கினார். நாடாளுமன்றம் பெரும்பான்மை வாக்கால் கோரினால் அதிபர் ராணுவச் சட்டத்தை நீக்கியாக வேண்டும் என்ற விதி அன்றைய அரசமைப்பிலும் இருந்தது. ஆனால் மே 20 அன்று கூடவிருந்த நாடாளுமன்றத்தின் வாயிலைப் படையினர் அடைத்துவிட்டனர்.

தென்மேற்கு நகரமான குவாங்ஜுவில் மே 18 அன்று மாணவர்களைத் தாக்கிய வான்குடைப் படையினர், 21 அன்று கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். மக்கள் ஆயுதம் ஏந்தவே படை ஊருக்கு வெளியே பின்வாங்கியது. அடுத்த சில நாள்கள் நகரை மக்களே நடத்தினர். சந்தைப் பெண்கள் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. மே 27 விடியலில் படை திரும்பி வந்து மாகாண அலுவலகத்தைக் கைப்பற்றியது. அரசு ஏற்றுக்கொண்ட குடிமக்கள் சாவு 160க்கு மேல். காணாமல் போனோர் கணக்கு தனி. 1996இல் சுன்னுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1997 டிசம்பரில் மன்னிப்பும் வழங்கப்பட்டது.

1987

சனவரியில் மாணவர் பார்க் ஜோங் சுல் காவல்துறையின் நீர்ச் சித்திரவதையில் இறந்தார். மேசையை ஓங்கித் தட்டியதும் அதிர்ந்து விழுந்துவிட்டதாகக் காவல்துறை சொன்ன கதையை யாரும் நம்பவில்லை. அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கோரி ஜூனில் மூண்ட போராட்டத்தில் கழுத்துப்பட்டை அணிந்த அலுவலக ஊழியர்களும் சேர்ந்ததுதான் திருப்பம். நடுத்தர வர்க்கம் இறங்கிவிட்டதை, அதிபராகியிருந்த சுன்னின் ஆட்சி புரிந்துகொண்டது. ஜூன் 29 அன்று ஆளுங்கட்சியின் ரோ டே வூ நேரடி அதிபர் தேர்தலுக்கு இணங்கினார். ஐந்தாண்டு ஒரே பதவிக்காலம், அரசமைப்பு நீதிமன்றம் ஆகியவை அப்போது வந்தவை. எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங் சாமும் கிம் டே ஜுங்கும் தனித்தனியே நின்று வாக்குகளைப் பிரித்ததில் ரோவே வென்றார் என்பது அந்த ஆண்டின் கசப்பு.

1997 நாணய நெருக்கடியை, அப்போது கடன் தந்த சர்வதேச நாணய நிதியத்தின் பெயரால் கொரியர்கள் 'ஐ.எம்.எஃப்' என்றே அழைக்கிறார்கள். நாட்டின் கடனை அடைக்கச் சுமார் 35 லட்சம் பேர் திருமண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரம் என ஏறத்தாழ 227 டன் தங்கத்தைத் திரட்டித் தந்தார்கள். அதன் மதிப்பு சுமார் 200 கோடி டாலர். கடன்சுமையின் முன் இது சிறு தொகை. நாணய நிதியத்தின் கடன் 2001 ஆகஸ்டில் தீர்ந்தது. ஆட்குறைப்புக்குச் சட்டம் வழிவிட்டதால் பெருகிய நிரந்தரமற்ற வேலை இன்னும் தீரவில்லை. ஏழைகளுக்கான அடிப்படை வாழ்வாதாரச் சட்டமும் 1999இல் இதே நெருக்கடியின் விளைவாகவே வந்தது.

2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள். அந்தச் சாவுகள் எழுப்பிய கோபம் 2016 இறுதியில் அதிபர் பார்க் கியுன் ஹேவின் ஊழலுக்கு எதிரான மெழுகுவத்திப் போராட்டத்திலும் எரிந்தது. 2017 மார்ச் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

2024 டிசம்பர் 3

அதிபர் யூன் சுக் இயோல் இரவு பத்தரை மணியளவில் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றம் கோரினால் அதை நீக்கியாக வேண்டும் என்ற, 1980இல் பயன்படாமல் போன அதே விதி இம்முறை சோதனைக்கு வந்தது. நாடாளுமன்ற வாயிலில் பொதுமக்கள் திரண்டு படையினரை மறித்தார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே ஊழியர்கள் நாற்காலி மேசைகளைக் குவித்துத் தடுத்தார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் வந்திருந்த 190 உறுப்பினர்களும் ராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தனர். 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பால் யூன் பதவி இழந்தார்.

அரசமைப்பின் முகவுரையில் 4·19 இடம்பெற்றிருக்கிறது. குவாங்ஜுவையும் அதில் சேர்க்க 2018இல் கொண்டுவந்த திருத்தம், போதிய உறுப்பினர்கள் வராததால் நாடாளுமன்றத்தில் தோற்றது.