கீழிருந்து வைத்த பெயர்கள்

பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த்துறையிலிருந்து மூன்று நாள் சிறப்புச் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தது. தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். ‘கண்காணிப்பு, ட்ரோன் போர், கலை’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், தலைப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க கவிஞர், தமிழ்ல பிஎச்.டி. பண்ணவங்க. சங்க இலக்கியத்தில் பெண்மொழின்னு வச்சுக்கலாமே? பிள்ளைங்களுக்கு நெட் தேர்வுக்கும் உதவும்” என்றார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. போர், விமானம், இயந்திரம் என்றால் அதைப் பேச வேறு துறை இருக்கிறது, வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்கிற பழக்கம்தான் அவரைக் கேட்க வைத்தது. தலைப்பை மாற்றாமலே போனேன். அங்கே நான் சொன்னதையும் மூன்றாம் நாள் எனக்குச் சொல்லப்பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் கைரேகையிலிருந்து தொடங்கினேன். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தம் ஒன்றில் உள்ளூர்க்காரர் ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதியச் செய்தார். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் திறக்கப்பட்டது. ஐரோப்பியக் காவல்துறைகள் பின்னால் எடுத்துக்கொண்ட முறை, காலனி மக்களின் விரல்களில்தான் பழகிப் பார்க்கப்பட்டது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அந்த அரங்கில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அந்தச் சட்டத்துக்குக் ‘கைரேகைச் சட்டம்’ என்றுதான் பெயர். பிரமலைக் கள்ளர் ஆண்கள் ரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. கொல்லப்பட்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பதிவேட்டில் ஏறியவை ஆண்களின் விரல்கள். ஆனால் ஆண்கள் இல்லாத அந்த இரவுகளை வீட்டில் இருந்து கழித்தவர்கள் பெண்கள். நான் படித்த வரலாறுகளில் அந்த இரவுகளுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

அடுத்து அல்ஜீரியாவுக்குப் போனோம். 1960இல், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மார்க் கராஞ்சே என்ற பிரெஞ்சுப் படைவீரருக்கு ஒரு வேலை தரப்பட்டது. ஊரைவிட்டுப் பெயர்த்து அடைக்கப்பட்ட மலைக்கிராம மக்களுக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் படம் எடுக்க வேண்டும். பத்து நாட்களில் சுமார் 2000 பேரை எடுத்தார். பெரும்பாலோர் பெண்கள். முகத்திரையை நீக்கச் சொல்லி உத்தரவு. குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆண் தங்கள் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அந்தப் பெண்களில் பலருக்கு அதுவே முதல்முறை.

அந்தப் படங்களில் சிலவற்றைத் திரையில் காட்டினேன். எவரும் சிரிக்கவில்லை, எவரும் குனியவுமில்லை. கேமராவின் கண்ணுக்குள்ளேயே பார்க்கிறார்கள். சிலர் பார்வையில் வெறுப்பு தெறிக்கிறது. அடையாள அட்டைக்கென்று எடுத்த படம், எடுத்தவனுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. முன்வரிசையிலிருந்த ஒரு மாணவி, “மேம், எங்க ஹாஸ்டல் வராண்டா கேமராவ நாங்களும் இப்படித்தான் பாப்போம்” என்றாள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவள் சொன்னாள்: “அதுல பதிவாகுறத யார் பாக்குறாங்கன்னு மட்டும் எங்களுக்குத் தெரியாது.” கராஞ்சேயின் பெண்களுக்குத் தங்களைப் பார்ப்பவன் யாரென்று தெரிந்திருந்தது. அவன் எதிரே நின்றான். முறைக்க ஒரு முகம் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இரண்டாம் நாள் வானத்துக்கு ஏறினோம். போரில் விமானத்திலிருந்து வீசிய முதல் குண்டு 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில் விழுந்தது. இத்தாலிய விமானி ஜூலியோ கவோத்தி கையால் எறிந்த சிறு குண்டுகள் அவை. விமானக் குண்டுவீச்சின் வரலாறும் ஒரு காலனிப் போரில்தான் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

மேலிருந்து பார்ப்பதைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் திரைப்பட இயக்குநர். அவருடைய தந்தை இந்தியர். 1988இல் அவர் எடுத்த படம் ‘உலகின் படங்களும் போரின் எழுத்தும்’. 1944 ஏப்ரல் 4 அன்று நேச நாடுகளின் உளவு விமானம் ஒன்று போலந்தில் ஒரு ஜெர்மன் ரசாயனத் தொழிற்சாலையைப் படமெடுத்தது. அதே படச்சுருளில் அருகிலிருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமும் விழுந்தது. படங்களை ஆராய்ந்தவர்கள் தொழிற்சாலையைத் தேடினார்கள், தொழிற்சாலையைக் கண்டார்கள். முகாமை அவர்கள் அடையாளம் காணவில்லை. தேடச் சொல்லி அவர்களுக்கு உத்தரவும் இல்லை. 1977இல்தான், 33 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க உளவுத்துறையைச் சேர்ந்த இருவர் பழைய படங்களை எடுத்துப் பார்த்து, இது முகாம், இது விஷவாயு அறை, இது மனிதர்களின் வரிசை என்று குறித்தார்கள். தமிழில் ‘பார்த்தேன், காணவில்லை’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த 33 ஆண்டுகள் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் கிடக்கின்றன. கராஞ்சே எடுத்த பெண்களின் முகங்களையும் ஃபரோக்கி இதே படத்தில்தான் வைத்திருக்கிறார். முகாமைக் காணாத கண்ணையும் திரையை நீக்கச் சொன்ன கண்ணையும் ஒரே கண்ணாக அவர் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து ட்ரோனுக்கு வந்தோம். ‘பிரடேட்டர்’ 1994இல் முதலில் பறந்தது. வெறும் கேமராவோடு பறந்துகொண்டிருந்ததற்கு 2001இல் ஏவுகணை பூட்டினார்கள். பார்ப்பதும் கொல்வதும் ஒரே இயந்திரத்துக்குள் வந்துவிட்டன. ஓட்டுபவர் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் குளிரூட்டிய அறையில் இருப்பார். வேலை நேரம் முடிந்ததும் காரெடுத்து வீட்டுக்குப் போவார்.

2012 அக்டோபர் 24. பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில் மமனா பீபி என்ற மூதாட்டி வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். பக்ரீத்துக்கு ஓரிரு நாட்களே இருந்தன. பேரப்பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே ஏவுகணை அவரைச் சிதறடித்தது. பேரன் ஜுபைருக்குக் காலிலும் பேத்தி நபீலாவுக்குக் கையிலும் காயம். மறு ஆண்டு அக்டோபர் 29 அன்று, மமனா பீபியின் மகன் ரஃபீக் உர் ரஹ்மான் அந்த இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாஷிங்டன் போய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள்முன் சாட்சி சொன்னார். கேட்க வந்திருந்தவர்கள் ஐந்தே ஐந்து உறுப்பினர்கள். சாட்சியத்தை மொழிபெயர்த்தவர் நடுவில் அழுதுவிட்டார். நீலவானம் இப்போது தனக்குப் பிடிப்பதில்லை என்றான் 13 வயது ஜுபைர். மேகம் மூடிய நாளில் ட்ரோன் வராது என்பதால் சாம்பல் நிற வானமே அவனுக்குப் போதும்.

வெண்டைக்காய் என்று நான் சொன்னதும் அரங்கில் ஏதோ ஒன்று மாறியது. அதுவரை செய்தியாக இருந்தது அப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. மழை பெய்யாத நாளில் எந்தப் பாட்டியும் செய்கிற வேலை அது.

மூன்றாம் நாள் கலை. வங்கதேசத்தில் பிறந்த ஹசன் எலாஹி என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றிச் சொன்னேன். 2002இல் டெட்ராய்ட் விமான நிலையத்தில் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். மாதக்கணக்கில் விசாரணை நீண்டது. விடுபட்டதும் அவர் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்கினார். சாப்பிட்ட தட்டு, படுத்த கட்டில், போன கழிவறை என்று ஆயிரக்கணக்கான படங்களை எல்லாரும் பார்க்கும்படி போட்டார். கேட்பவன் மூழ்கிப்போகும் அளவுக்குத் தகவல் கொடுத்துவிடுவது அவருடைய வழி. எனக்குப் பிடித்த வேலை அது. ஆனால் நம் விடுதிப் பெண் ஒருத்தி அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். யாருமே பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஓர் ஆண் தன் இருப்பிடத்தை ஊருக்கே அறிவித்தால் அது கலை. ஒரு பெண் அறிவித்தால் அடுத்த நாள் பேருந்து நிறுத்தத்தில் எவனோ நிற்பான்.

2014இல் பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்தில் கலைஞர்கள் சிலர் ஒரு குழந்தையின் முகத்தைப் பெரிய துணியில் அச்சிட்டு வயலில் விரித்தார்கள். ட்ரோன் தாக்குதலில் பெற்றோரை இழந்த குழந்தை அது. மேலே பறக்கும் கேமராவில் அந்த முகம் தெரிய வேண்டும். பின்னர் ஊரார் துணியை எடுத்துக் கூரைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதும் திட்டத்தில் இருந்தது. திரையில் மனிதர் செத்து விழுவதை ட்ரோன் ஓட்டுபவர்கள் ‘பக்ஸ்பிளாட்’ என்பார்கள். நசுங்கிய பூச்சி என்று பொருள். ‘நான் நசுங்கிய பூச்சி அல்ல’ என்பதுதான் அந்தக் கலைப்பணிக்கு வைத்த பெயர்.

கடைசியாக நபீலாவின் ஓவியத்தைக் காட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளை பென்சிலும் வண்ணமும் கொண்டு, பாட்டியையும் வானத்திலிருந்து வந்ததையும் வரைந்து, அந்தத் தாளை வாஷிங்டனுக்குக் கொண்டுபோயிருந்தாள். பேச்சை அதோடு முடித்துவிட்டுக் கேள்விகளுக்கு நேரம் விட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். இலங்கையிலிருந்து வந்து ஆய்வு செய்பவர். முல்லைத்தீவுப் பக்கம் ஊர்.

“மிஸ், நாங்கள் அதை வண்டு எண்டுதான் சொல்லுறது” என்றார். “அப்ப எனக்கு ஒன்பது வயசு. வண்டு சுத்தத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில ஷெல் வரும். சத்தம் கேட்ட உடனே அம்மா அடுப்புக்குத் தண்ணி ஊத்திப்போடுவா, புகை மேல தெரியக் கூடாது எண்டு. கன நாள் அரை அவியல் சோறுதான் சாப்பிட்டனாங்கள். அம்மாவின்ர கலியாணச் சீலையைத் தைச்சு மண் நிரப்பித்தான் பங்கருக்கு மேல அடுக்கினது. இப்பவும் பக்கத்து வீட்டில கிரைண்டர் போட்டால் அம்மா முற்றத்துக்கு வந்து மேல பார்ப்பா.”

வன்னியில் பறந்தது ஏவுகணை பூட்டாத வேவு விமானம். அது பார்த்துச் சொல்லும், பீரங்கி அடிக்கும். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து மக்களை வரவழைத்த இடங்களிலேயே அரசு ஷெல் அடித்தது என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. வானத்தில் கண் இருந்தும் அப்படி நடந்தது. ‘பார்த்தேன், காணவில்லை’ என்ற கதையை நான் போலந்துவரை போய்த் தேடி எடுத்து வந்திருந்தேன்.

அன்றிரவு விருந்தினர் விடுதியில் தூக்கம் வராமல் பெயர்களை எழுதிப் பார்த்தேன். செய்தவர்கள் வைத்த பெயர்கள்: வேட்டை விலங்கைக் குறிக்கும் ‘பிரடேட்டர்’, அரிவாளோடு வரும் சாவை நினைவூட்டும் ‘ரீப்பர்’. கீழே இருப்பவர்கள் வைத்த பெயர்கள்: காஸாவில் ‘ஸனானா’, பஷ்தூ பேசும் ஊர்களில் ‘பங்கானா’, வன்னியில் ‘வண்டு’. கீழிருந்து வந்தவை மூன்றும் இரைச்சலை வைத்துப் பிறந்தவை. மேலே இருப்பவனிடம் கண் இருக்கிறது, காது இல்லை. அவன் திரையில் சத்தம் வராது. கீழே இருப்பவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓயாமல் கேட்கும். அவன் இவர்களைப் பூச்சி என்கிறான். இவர்களும் அவனுடைய இயந்திரத்துக்குப் பூச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது எப்போது அருகில் வருகிறது, எப்போது விலகுகிறது, உலையை எப்போது மறுபடி ஏற்றலாம் என்பதைக் காதால் அளந்தவர்களில் அடுப்படியில் இருந்த பெண்களே அதிகம் இருந்திருப்பார்கள். கண்காணிப்பின் வரலாற்றைக் கண்ணின் வரலாறாகவே நான் மூன்று நாளும் பேசிவிட்டேன். மாயக்காளின் ஊரிலும், இரவில் வரும் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு யாரோ விழித்திருந்திருப்பார்கள்.

ஒருங்கிணைப்பாளர் கேட்ட சங்க இலக்கியமும் அன்றிரவு தானாக வந்து சேர்ந்தது. அகநானூற்றில் தலைவன் தேரில் திரும்பி வருகிறான். பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று தேர்மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். ஒரு சிற்றுயிர் அஞ்சிவிடக் கூடாது என்று சத்தத்தை அடக்கிய இடத்தில் இருந்த சொல், சத்தத்தால் அஞ்ச வைப்பதன் பெயராக ஆகிவிட்டதை நான் அறியாமலே நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது அந்த ஆய்வு மாணவி விடுதி வாசலில் காத்திருந்தார். “மிஸ், நேற்று எல்லாத்தையும் வீடியோ எடுத்தவை. நான் கதைச்சதை மட்டும் அதில இருந்து எடுத்துவிடச் சொல்லுவீங்களோ? விசா புதுப்பிக்கக் கிடக்கு. ஊரில அம்மாவும் தனிய.”

அரங்கின் ஓரத்தில் முக்காலியில் நின்ற கேமரா அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் கண்காணிப்பைப் பற்றிப் பேசியவள் அதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவு செய்யலாமா என்று கேட்டவர்களிடம் முதல் நாளே தலையாட்டியிருந்தேன். எனக்கு அது விளம்பரம். அவருக்கு அது ஆவணம்.

துறை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பகுதியை நீக்கிவிட்டதாக ஒரு வாரம் கழித்துச் செய்தி அனுப்பினார்கள். அதை அவருக்கு அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. இதை எழுதலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். “எழுதுங்கோ மிஸ். என்ர பேர் வேண்டாம். வண்டு எண்டதை மட்டும் அப்பிடியே எழுதுங்கோ” என்றார்.