உவர்

உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிப் பாசனத்தில் தண்ணீர் வடியாத தாழ்வான நிலத்தைச் சித்திரை வெயிலில் பார்க்க வேண்டும். மண்மேல் வெள்ளைப் பொடி படர்ந்திருக்கும். உவர் பூத்துவிட்டது என்பார்கள். உப்பும் உவரும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். உப்புக் கடலுக்கு உவரி என்று பெயர். மலையாளத்தில் உவர் சுருங்கி ஓரு ஆயிற்று. கழிமுகத்து உப்புத் தண்ணீர் அங்கே ஓருவெள்ளம்.

சோழர் செப்பேடுகள் தானநிலத்தில் அடங்கியவற்றை அடுக்கும்போது களரையும் உவரையும் தனித்தனியே சொல்கின்றன. இன்றைய வேளாண் துறைக்கும் இரண்டும் வேறுதான். கரையும் உப்பு மிகுந்தது உவர். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் தேறும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஜிப்சம் போட வேண்டும்.

உழவருக்கு இரண்டுமே ஆகாது. உவர்த்தல் என்றால் வெறுத்தல் என்ற பொருளும் ஏறிவிட்டது. வள்ளுவர் கல்லாதவரை விளையாத களரோடு சேர்த்துவிட்டார். வண்ணாரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்: சவுக்காரம் வருமுன் துணியை உவர்மண் கரைசலில் நனைத்துத்தான் வெள்ளாவி வைத்தார்கள்.

புறநானூற்றில் ஓரேருழவர் என்ற புலவரின் பாட்டில் வெண்களரில் வேடன் துரத்த ஒரு மான் ஓடுகிறது. மான் அங்கே ஏன் வந்தது என்று புலவர் சொல்லவில்லை. உப்புக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம். பெரும்பாலான செடிகளுக்குச் சோடியம் தேவையில்லை, அதனால் புல்லிலும் தழையிலும் அது மிகக் குறைவு. தின்கிற விலங்குக்கோ நரம்பும் தசையும் இயங்க அது வேண்டும். புலிக்கு இந்தக் கவலை கிடையாது. இரையின் ரத்தத்திலேயே உப்பு கிடைத்துவிடுகிறது. தழை தின்னும் விலங்குக்குச் சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தேவை இன்னும் கூடும். கென்யாவின் எல்கான் மலையில் கிட்டும் என்ற குகைக்குள் யானைகள் இருட்டில் தும்பிக்கையால் தடவியபடி போய், தந்தத்தால் சுவரைப் பெயர்த்து மென்று தின்கின்றன. சில இடங்களில் விலங்குகள் மண் தின்பதற்கு உப்பைவிடக் களிமண்ணே காரணம்: தழையிலுள்ள நச்சுப் பொருள்களை அது வயிற்றில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் தொழுவத்து மாடும் லேசுப்பட்டதல்ல. மண்சுவரில் அடிப்பக்கம் உவர் ஏறிப் பொரிந்த இடமாகப் பார்த்து நாக்கை நீட்டும். தாது உப்புக் கட்டி வாங்கிக் கட்டினால் பெரும்பாலும் சுவர் தப்பும். கட்டியும் தீர்ந்து, மாடு மண்ணையும் விடவில்லை என்றால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம், குடற்புழுவாகவும் இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போவதுதான் சரி.