பெரியப்பாவின் ஹெரால்டும் சோழவரம் ஓடுதளமும்



போன வாரம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒரு வெளிர்நீலக் கார் போனதைப் படமெடுத்து, "சார், இதில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தானே?" என்று மூன்று பேர் அனுப்பியிருந்தீர்கள். நான்தான். ஓட்டியது என் அண்ணன் மகள். கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதைப் பற்றி எழுதச் சொல்லி நச்சரித்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் வண்டியின் பூர்வீகம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார் இது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அப்போதே மற்ற நிறுவனங்கள் சேஸிஸ் இல்லாமல், முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தி எடுக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. இவர்களுக்கு உடல் செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழையபடி தனிச் சேஸிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். பானட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். மேற்கூரையும் போல்ட்டில்தான் நிற்கும். இந்தக் கூரை விஷயத்தை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நம் ஊரில் அதைச் செய்தது சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1961 முதல் ஹெரால்டு வந்தது. அன்று இந்தியாவில் புதுக் கார் என்றால் மூன்றே வகை: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. இறக்குமதிக்குக் கெடுபிடி. ஆகவே கார்ப் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டவனும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் வெட்டியோ ஒட்டியோ ஆக வேண்டும்.

அப்படி ஓட்டிய இடம் சோழவரம். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. பிறகு ஆண்டுதோறும் அந்த ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவையிலிருந்தெல்லாம் வருவார்கள், இலங்கையிலிருந்தும் வந்தார்கள். மகாராஜா வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக் காரோடு ஒரு பக்கம், லேத்துப் பட்டறையில் ராத்திரி கண்விழித்துச் செய்த வண்டியோடு நம் ஆட்கள் ஒரு பக்கம். கோவை கரிவர்தன் அங்கே பெயர் எடுத்தவர். பின்னாளில் அவரே மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறையே அதில் கற்றுக்கொண்டது. 1995இல் சிறு விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

ஹெரால்டு என்ன பெரிய பந்தயக் காரா என்று சிரிக்காதீர்கள். 948 சிசி, சுமார் 35 குதிரைசக்தி, அவ்வளவுதான். ஆனால் அதே சேஸிஸைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அது 1965இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஹெரால்டுக்கென்று செய்த முன்சக்கரத் தாங்கியை லோட்டஸ் நிறுவனம்கூட வாங்கித் தன் பந்தயக் கார்களில் போட்டது.

இனி எங்கள் வண்டி. பெரியப்பாவுக்கு அம்மாபேட்டையில் நூல் வியாபாரம். 1964இல் இரண்டு கதவு ஹெரால்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வரை போய்த் திரும்புவோம். வண்டியில் ஏறுவதற்கு முன் நாங்கள் காலைக் கழுவ வேண்டும். அப்படி வைத்திருந்தார்.

அவர் மகன், என் அண்ணன், 1973 தொடக்கத்தில் அதைச் சோழவரத்துக்கு எடுத்துப்போக முடிவு செய்தான். பெரியப்பா நூல் வாங்க வெளியூர் போயிருந்த நான்கு நாளில் வேலை நடந்தது. பின்சீட்டு, பம்பர், உள்வேலைப்பாடு எல்லாம் கழன்றன. எடை குறைய வேண்டும் என்று கூரையையும் எடுத்தோம். 'எடுத்தோம்' என்றுதான் சொல்ல வேண்டும், ஸ்பேனர் என் கையில் இருந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த திமிரில், புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் வண்டி நிற்கும் என்று வகுப்பெடுத்ததும் நான்தான். நான்கு பேராகத் தூக்கி, நூல் குடோன் பரணில் வைத்து, மேலே கோணிச்சாக்கு போட்டோம். போல்ட்டுகளைத் துணியில் முடிந்து அண்ணன் எங்கோ வைத்தான்.

பெரியப்பா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தவர், "காரை அறுத்துப்புட்டீங்களாடா?" என்றார். அண்ணன் ரோஷக்காரன். "ஆமா" என்றான். அறுக்கவில்லை, கழற்றித்தான் வைத்திருக்கிறோம், அரை நாளில் மாட்டிவிடலாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். பெரியப்பா எதிரில் வாய் திறந்து பழக்கமில்லை. ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கப் போனோம். பந்தயத்தில் நான்காவது சுற்றில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அதற்கு முன்பே ஒரு வளைவில் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி ஒரு பக்கம் தூக்கியது. ஹெரால்டின் பின் ஆக்சில் அமைப்பில் உள்ள பிறவிக் குறை அது. என் புவியீர்ப்பு மைய வகுப்பில் இது வரவில்லை. லாரியில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். மாட்டுக்கொட்டகையில் விட்டோம். பெரியப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மகனோடும் தேவைக்கு மேல் பேசவில்லை. 1981இல் அவர் இறந்தார். அண்ணனும் கூரையை மாட்டவே இல்லை. நான் கேட்டபோதெல்லாம் "இருக்கட்டும்டா" என்பான். 2016இல் அவனும் போய்விட்டான்.

அண்ணன் மகள் என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள், உங்களில் சிலருக்கு வகுப்புத் தோழி. அவள்தான் வண்டியைச் சரிசெய்யப் புறப்பட்டாள். உறவில் பாதிப் பேர் தாத்தா வைத்திருந்த மாதிரியே வர வேண்டும் என்றார்கள். அவளுக்கோ அப்பா ஓட்டிய மாதிரி. இந்தச் சண்டை உலகமெங்கும் உண்டு. டிம் பர்கின் 1932இல் புரூக்லண்ட்ஸ் தளத்தில் மணிக்கு 222 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய ஒற்றை இருக்கை பென்ட்லியை, அவர் மறைந்த பிறகு வாங்கியவர் இரண்டு பேர் உட்காரும் சாலைக் காராக மாற்றினார். பிற்பாடு மறுபடியும் ஒற்றை இருக்கை உடல் ஏறியது. 2012இல் ஏலத்தில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. எந்த வடிவம் அசல் என்று கேட்டால், எந்த நாளில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

எங்கள் வண்டியில் சேஸிஸ் அவ்வளவு மோசமில்லை. தரைத் தகரம் மட்டும் அப்பளம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் புதுத் தகரம் அடித்தோம். சேலத்திலேயே எஞ்சினுக்குப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினோம். ரப்பர் சாமான்களும் கேஸ்கட்டுகளும் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் இன்னும் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை, யாராவது ஹெரால்டு வைத்திருந்தால்: முன்சக்கரத்தின் அடி மூட்டில் 'ட்ரன்னியன்' என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். அதற்கு கிரீஸ் அடிக்காதீர்கள், கியர் ஆயில்தான் விட வேண்டும். காய்ந்தால் அதில் திருகியிருக்கும் தாங்கி ஒடிந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

கூரையைப் பரணிலிருந்து இறக்கிய அன்று நானும் போனேன். மழைநீர் வழியும் விளிம்பில் மட்டும் துரு. போல்ட் முடிச்சை அண்ணன் தன் மேஜை டிராயரில் வைத்திருந்தான். எல்லாத் துளையும் சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் அவளிடம் வாசலில் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா சித்தப்பா?" என்றாள். தெரியாது என்றேன். கூரையை முழுசாக முடுக்கிவிடட்டுமா என்று டிங்கர் கேட்டார். கழற்றுகிற மாதிரியே இருக்கட்டும் என்றாள்.

இப்போது மழைக்காலத்தில் கூரையோடும், தை மாசியில் கூரை இல்லாமலும் ஓடுகிறது. நீங்கள் பார்த்தது கூரை இல்லாத வாரம். போன மாதம் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டோம். வளைவுகளில் மெதுவாகப் போகச் சொன்னேன், காரணத்தையும் விளக்கினேன். பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வீட்டுக்கு வாருங்கள். வெயில் ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கிறது.